லேபிள் இல்லாத பாட்டில்

அத்தியாயம் 9

வியாழக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குக் கையெழுத்து. அதைத் தவிர அந்த வீட்டில் நாலு நாளாக வேறு பேச்சில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில், "வித்துத் தொலைங்க, நான் குறுக்கே நிக்கலை" என்று சொல்லிவிட்டு நீவெஸின் மாமியார் அல்பீனா தட்டோடு எழுந்து போனாளே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் மகன் கொர்ராடோ மூன்று வருடமாகக் காத்திருந்தான். அப்பா எஃபீஸ் விட்டுப்போன திராட்சைத் தோட்டம். பாதி அம்மா பேரில், பாதி மகன் பேரில். வாங்க வந்திருப்பவர்கள் ஹோட்டல்காரர்கள்.

கொர்ராடோவின் மனைவி நீவெஸுக்கும் இந்த விற்பனையில் ஒரு ஆசை ஒளிந்திருந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் இத்தாலிய மலையூரான கூர்மயூரின் தெருக்களில் வெளியூர்க்காரர்களைக் கடை கடையாக அழைத்துப்போய் ருசி காட்டுகிறாள். ஒரு கடையில் உப்புக்கண்டம், அடுத்ததில் சீஸ், முடிவில் ஒயின். மழை பிடித்துக்கொண்டால் எட்டுப் பேரையும் இழுத்துக்கொண்டு யார் வாசலிலாவது ஒதுங்க வேண்டும். தோட்டம் விற்றால் மாதா கோவிலுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் சின்னக் கடையை எடுத்து, சொந்த மேஜை போட்டு உட்கார்ந்துவிடலாம். கடைக்காரர் சாவியைக்கூடக் கொடுத்துவிட்டார், "அளவெடுத்துப் பாரும்மா" என்று.

அன்று காலை பத்து மணிக்கு வழக்கம்போல எட்டுப் பேர் வந்தார்கள்.

"முதல்ல மூக்கு, அப்புறம்தான் வாய்" என்று நீவெஸ் தன் பாடத்தை ஆரம்பித்தாள். "வாய் மரியாதைக்கு நல்லாயிருக்குன்னு சொல்லிடும். மூக்குக்கு அந்த நாகரிகம் தெரியாது."

உப்புக்கண்டக் கடையில் மெல்லிசாகச் சீவிய மலையாட்டு இறைச்சியை மிலானிலிருந்து வந்த ஒரு கணவர் நெடுநேரம் மென்றார். "தோல் பெல்ட்டை மெல்ற மாதிரி இருக்கு" என்றார். "உங்க அம்மா செய்யற ரோஸ்டை இருபது வருஷமா நான் மென்னுக்கிட்டிருக்கேன், இது எவ்வளவோ தேவலை" என்றாள் மனைவி. கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கூட்டம் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. நீவெஸுக்கு அப்படி ஒரு தம்பதி தினமும் வாய்த்தால் போதும்.

ஒருவர் மட்டும் ஒட்டவில்லை. உயரமான மனிதர், எழுபது வயதிருக்கும், பெயர் எத்தோரே. டுரினிலிருந்து தனியாக வந்திருந்தார். தோளில் தொங்கிய துணிப்பையை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடியே நடந்தார்.

சீஸ் கிடங்கில், மாடுகள் மலையுச்சியில் மேய்ந்த ஜூலை மாதப் பாலுக்கும், கொட்டிலில் வைக்கோல் தின்ற ஜனவரிப் பாலுக்கும் என்ன வித்தியாசம் என்று நீவெஸ் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார்.

"இந்தப் பக்கத்துல மரப் பீப்பாய்ல ஒயின் போடறவங்க யாராவது இருக்காங்களா?"

"முன்னாடி இருந்தாங்க. இப்ப எல்லாரும் எவர்சில்வர் தொட்டிதான்."

"ஒருத்தர்கூட இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

அவர் தலையாட்டிக்கொண்டார். ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒயின் கடை. பக்கத்து ஊரான மோர்ஜேயின் வெள்ளை ஒயின் மூன்று விதம் ஊற்றி, மூன்றையும் பேசி முடித்தாயிற்று. மற்றவர்கள் கேக்கும் பிஸ்கட்டும் பார்க்க எழுந்தபோது எத்தோரே துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். லேபிள் கிடையாது. கழுத்தில், புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒரு துண்டு. அதில் பென்சிலால் வருடம் மட்டும் எழுதியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய அறுவடை.

"கோவிச்சுக்காதீங்க. நான் ருசி பார்க்க வரலை. விசாரிக்க வந்தேன்."

"என்ன விசாரணை?"

"போன அக்டோபர்ல மோர்ஜேக்கு மேல நடந்துக்கிட்டிருந்தேன். தலை சுத்திடுச்சு. திராட்சைத் தோட்டத்துல ஒரு கல் கொட்டகை. அங்கிருந்த அம்மா என்னைப் பெட்டி மேல உக்கார வெச்சு, ரொட்டி குடுத்து, கூடவே இதை ஒரு கிளாஸ் ஊத்துனாங்க. நாப்பது வருஷம் மருந்துக்கடை வெச்சிருந்தவன் நான். மயக்கத்துக்கு ஒயின் குடுக்கறது தப்புன்னு சொன்னேன். அப்படியொரு சிரிப்பு சிரிச்சாங்க. போகும்போது ரெண்டு பாட்டில் கையில திணிச்சாங்க."

"அப்புறம்?"

"ஒண்ணை நண்பர்களோட குடிச்சேன். அதோட என் நிம்மதி போச்சு. இதைப் போல ஒரு ஒயின் எந்தக் கடையிலயும் இல்லை. மலையிறங்கின மயக்கத்துல எந்தத் தோட்டம்னும் நினைவில்லை. இது கடைசி பாட்டில். நீங்க மூக்கைப் பத்திப் பேசறீங்க. யாரோடதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

நீவெஸ் சிரித்துக்கொண்டே கார்க்கை எடுத்தாள். இந்த மாதிரிப் பந்தயம் அவளுக்குப் பிடிக்கும்.

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். அறுத்துப் போட்ட புல். பச்சை ஆப்பிள். நனைந்த கல். மோர்ஜேதான், சந்தேகமில்லை. ஒரு வாய் எடுத்தாள். விழுங்கிய பிறகு, தொண்டையின் அடியில், மெல்ல எழுந்து வந்தது பிசின் வாசனை.

கிளாஸைக் கீழே வைத்தாள்.

அந்தப் பிசினை அவளுக்குத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன் அவள் கல்யாணத்தில் முதன்முதலாகக் குடித்தது. மாமனார் எஃபீஸ், மலையில் வளரும் லார்ச் மரத்தை வெட்டித் தன் கையாலேயே செய்த பீப்பாய். பிசின் மரத்தில் யாராவது ஒயின் வைப்பார்களா என்று ஊரே கேலி செய்தது. குடித்தபின் வாயை மூடிக்கொண்டது. பள்ளத்தாக்கு முழுக்க அப்படி ஒரே ஒரு பீப்பாய்தான். எஃபீஸ் இறந்த குளிர்காலத்தில் அல்பீனா அதை உடைத்து அடுப்பெரித்துவிட்டதாகச் சொன்னாள். தோட்டத்தைப் பக்கத்து நிலத்துக்காரருக்கு விட்டாயிற்று என்றும் சொன்னாள்.

அப்படியானால், செத்தவர் பீப்பாயில் இரண்டு வருடத்துக்கு முன் ஒயின் போட்டது யார்?

"தெரியலை" என்று சொன்னால் முடிந்தது. எத்தோரே பஸ் ஏறிவிடுவார், ஐந்து மணிக்குக் கையெழுத்து ஆகிவிடும், கடை அவளுக்கு. நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்தும்விட்டது.

"அந்த அம்மா பார்க்க எப்படி இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"குள்ளம். இடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சு நடந்தாங்க. சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க."

குள்ளம், சரி. இடது கால், நாலு வருடத்துக்கு முந்தைய இடுப்பு ஆபரேஷன், அதுவும் சரி. மூன்றாவதுதான் இடித்தது. பதினைந்து வருடத்தில் நீவெஸ் தன் மாமியார் சிரித்துப் பார்த்ததில்லை. புன்னகைப்பாள், பாதிரியாரைக் கண்டால். அவ்வளவுதான்.

கடை ஒரு பக்கம், கையெழுத்து ஒரு பக்கம். இரண்டையும் தள்ளிவிட்டு அந்தச் சிரிப்புதான் அவள் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது.

"உங்க பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள் எத்தோரேயிடம்.

"மோர்ஜே வழியாத்தான் போகும். நாலரைக்கு."

"அப்ப என் கார்ல வாங்க."

காரில் ஏறும்போது கொர்ராடோவின் போன் வந்தது. கேபிள் கார் நிலையத்தில் அவன் வேலை. பின்னணியில் சக்கரம் ஓடும் சத்தம்.

"அஞ்சு மணி, மறந்துடாதே. அம்மா இடுப்புப் பயிற்சி முடிச்சு நேரா வந்துடறேன்னாங்க."

"மூணு வருஷமா ஒரு இடுப்புக்கு வாரம் மூணு நாள் பயிற்சியா?"

"ஏன், இன்னிக்குதான் உறைச்சுதா உனக்கு? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"காலையிலேருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கு. வந்துடறேன்."

மோர்ஜேயில் திராட்சைப் பந்தல் இடுப்புயரம்தான். பனிக்கும் காற்றுக்கும் பயந்து கொடியைத் தரையோடு ஒட்டியே வளர்ப்பார்கள். பறிப்பவர் மண்டியிட்டுத் தவழ வேண்டும். மூன்று வருடமாக நீவெஸ் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கைவிட்ட தோட்டம் போலவா இருந்தது அது? களை இல்லை. பட்டுப்போன கொடிகளுக்குப் பக்கத்தில் புதிதாகப் பதியம் போட்டிருந்தது. இலைக்கடியில் குலை குலையாகப் பழம், பத்து நாளில் பறிக்கும் பதத்தில்.

கொட்டகைக்கு இருபதடி இருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. யாரோ வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள்.

"இதேதான்" என்று எத்தோரே கிசுகிசுத்தார்.

வாசற்படியில் உட்கார்ந்து அல்பீனா போனில் பேசிக்கொண்டிருந்தாள். தலையில் கைக்குட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். மருமகளைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "வெக்கறேன், அப்புறம் பேசலாம்" என்று போனைப் பைக்குள் போட்டாள்.

"இடுப்புப் பயிற்சி நல்லா நடக்குதா அத்தை?"

அல்பீனா பின்னால் நின்றவரைப் பார்த்தாள். "அட, மயக்கக்காரரே. உயிரோடதான் இருக்கீங்களா?"

"உங்க வைத்தியத்துல தப்பிச்சேன்" என்றார் எத்தோரே. "என் நண்பர்கள் நாலு பேர் ஆளுக்கொரு ஊர் சொல்லிச் சண்டை போட்டாங்க. சண்டையைத் தீர்க்கத்தான் வந்தேன். இது யார் செஞ்சது?"

"நான்தான்" என்றாள் அல்பீனா.

ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, தானே அதைக் காதால் கேட்டுப் பார்ப்பவள்போல் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போய் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். எத்தோரே அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, இங்கே வேறு பேச்சு காத்திருக்கிறது என்று புரிந்தவராய், பஸ் நிறுத்தத்துக்கு நடந்தே போகிறேன் என்று விடைபெற்றார்.

நீவெஸ் கொட்டகைக்குள் நுழைந்தாள். லார்ச் பீப்பாய் சுவரோரம் முழுசாக உட்கார்ந்திருந்தது.

"எரிச்சுட்டேன்னு சொன்னீங்க."

"எரிச்சது பழைய கட்டில். நீங்க யாரும் வந்து எண்ணிப் பார்க்கலை."

"எதுக்கு அத்தை இந்த ஒளிவு மறைவு? எங்ககிட்ட சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லப்போறோம்?"

"சொல்லியிருந்தா, 'பாவம், அவரை மறக்க முடியாம இங்க வந்து உக்காந்திருக்கா'ன்னு பேசியிருப்பீங்க. அது இல்லை." அல்பீனா பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவர் போனது வருத்தம். அது வேற. நாப்பத்தொரு வருஷம் பாட்டில்ல அவர் பேருதான். என்னிக்குப் பறிக்கணும், என்னிக்கு மூடணும், என்னிக்குத் திறக்கணும்னு நான் சொல்லுவேன், அவர் செய்வாரு. ஊர் அவரைத்தான் புகழும். நான் அதுக்குச் சண்டை போடலை. ஆனா எனக்கே ஒரு சந்தேகம். நெஜமாவே நான்தானா, இல்லை நானே அப்படி நெனச்சுக்கிட்டிருக்கேனா? அவர் இருக்கறவரைக்கும் அதைத் தெரிஞ்சுக்க வழியில்லை."

"தெரிஞ்சுதா?"

"முதல் வருஷம் காடியாப் போச்சு. உக்காந்து அழுதேன். ரெண்டாவது வருஷத்தோடதுதான் அந்த மயக்கக்காரர் குடிச்சது." அவள் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ மூக்கை வெச்சுத்தானே பொழைக்கிறே. குடிச்சப்போ யாரோடதுன்னு நெனச்சே?"

பொய் சொல்லலாம். நீவெஸ் சொல்லவில்லை.

"மாமாவோடதுன்னு."

"அப்படியா" என்றாள் அல்பீனா. அது சந்தோஷமா ஏமாற்றமா என்று நீவெஸுக்குப் பிடிபடவில்லை. "அப்ப இதை எப்படி எடுத்துக்கறது? நாப்பது வருஷமும் அது என்னோடதா இருந்துச்சா, இல்லை இப்பவும் அவரோடதாவே இருக்கா?"

நீவெஸ் யோசித்தாள். "போன வருஷத்து ஒயின் இருக்கா?"

அல்பீனா ஒரு பாட்டிலைத் திறந்து அரை கிளாஸ் ஊற்றிக் கொடுத்தாள். நீவெஸ் வாசலுக்கு வெளிச்சத்தில் எடுத்துப் போனாள். மாமியாருக்காக அல்ல, வாடிக்கையாளருக்குக்கூட அல்ல, தனக்காகவே முகர்ந்தாள். குடித்தாள். மறுபடியும் குடித்தாள். வெள்ளை மலைமேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அல்பீனா அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வேற அத்தை" என்றாள் நீவெஸ் திரும்பி. "மாமா ஒயின்ல பிசின் சுருக்குனு குத்தும். இதுல அது பழத்துக்குள்ளயே கரைஞ்சிருக்கு. இது மாமா மாதிரி ஏப்ரல்லயே பீப்பாயிலேருந்து எடுத்ததில்லை."

"இந்தத் தடவை ஆகஸ்ட் வரைக்கும் மரத்துலேயே விட்டேன். அவர் ஏப்ரல்லயே எடுத்துடுவாரு. ஈஸ்டருக்கு நாலு பேருக்கு ஊத்திக் காட்டணும் அவருக்கு. நான் சொல்லி அவர் கேக்காத ஒரே விஷயம் அது."

"அப்ப இதை மாமாவால செஞ்சிருக்கவே முடியாது."

அல்பீனா கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வைதான் என்பதுபோல் கழுத்தையும் சேர்த்துத் துடைத்தாள்.

"பின்னே ஏன் வித்துடுங்கன்னு சொன்னீங்க?"

"கொர்ராடோவுக்கு இது தோட்டம் இல்லைம்மா, தண்டனை. எட்டு வயசுலேருந்து மண்டி போட வெச்சாரு அவங்கப்பா. அவன் முட்டி தேஞ்சதே இங்கதான். அவன் கேக்கறதுலயும் நியாயம் இருக்கு. மூணு வருஷம் ஆசைப்பட்டதைச் செஞ்சு பாத்தாச்சு, போதும்னு நெனச்சேன்."

நீவெஸின் கண் சுவரில் தொங்கிய ஒரு பொருளில் நின்றது. மண்டியிட்டு வேலை செய்பவர்கள் முழங்காலில் கட்டும் தோல் பட்டை. நன்றாகத் தேய்ந்தது.

"அத்தை, ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களால மண்டி போட முடியாதே. பந்தலுக்கடியில போறது யாரு?"

"மணி நாலரை" என்றாள் அல்பீனா எழுந்து. "கிளம்பு, துணி மாத்தணும்."

நோட்டரி ஆபீஸில் கொர்ராடோ கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஹோட்டல்காரர்களின் ஆள். நோட்டரி பத்திரத்தை முழுசாக வாசித்து முடிக்கும்வரை அல்பீனா பொறுமையாகக் கேட்டாள். பேனாவை நீட்டியபோது கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"பழம் கொடியில இருக்கு" என்றாள். "பத்து நாள்ல பறிக்கணும். அதுக்கப்புறம் பேசலாம்."

"எந்தப் பழம்மா? அதைத்தான் பக்கத்துக்காரருக்கு விட்டாச்சே" என்றான் கொர்ராடோ.

"யாருக்கும் விடலை. நான்தான் பாத்துக்கறேன். ஒயினும் நான்தான் போடறேன்."

கொர்ராடோ மனைவியைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கே மூணு மணிக்குத்தான் தெரியும்."

ஹோட்டல் ஆள் தன் தாள்களை அடுக்கிக்கொண்டு, இம்மாதம் முப்பதாம் தேதிவரை காத்திருப்போம், அதற்குமேல் வேறு இடம் பார்ப்போம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனான்.

மாடிப்படியில் கொர்ராடோ பாதி இறங்கி நின்றுவிட்டான். அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவன் முகம் சிவந்திருந்தது. கத்தப்போகிறான் என்று நீவெஸ் நினைத்தாள்.

"நீ குடிச்சியா?" என்று தணிந்த குரலில் அவளைக் கேட்டான்.

"ம்."

"எப்படி இருந்துச்சு?"

"உங்கப்பாவோடதைவிட நல்லாயிருக்கு."

"அதை அவர்கிட்ட சொல்ல முடியாமப் போச்சே" என்றான். உதட்டோரம் ஏதோ அசைந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டு, "அப்போ உன் கடை?" என்றான்.

"தெரியலை" என்றாள் நீவெஸ். உண்மையிலேயே தெரியவில்லை. நாளைக் காலை மறுபடி எட்டுப் பேர் வருவார்கள் என்பது மட்டும் தெரியும்.

அல்பீனா அவர்கள் நின்ற படிக்கு வந்து சேர்ந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன்மா" என்றான் கொர்ராடோ. "பறிக்கறதுக்கு என்னைக் கூப்பிடாதே. நான் மண்டி போட மாட்டேன்."

"உன்னை யாரு கூப்பிட்டா? ஆள் இருக்கு."

"யாரு?"

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். அப்பப் பாத்துக்கோ."

நீவெஸ் மாமியாருக்குக் கை கொடுத்து இறக்கிக்கொண்டே, மனதுக்குள் மேஜையைப் போட்டுப் பார்த்தாள்.

"நாங்க ரெண்டு பேரு, நீங்க, அப்புறம் வர்றவர். நாலு தட்டு வெச்சிடவா அத்தை?"

"அஞ்சு வை" என்றாள் அல்பீனா.